கடைசி வாய்

எங்கள் டீமில் நான் தொடாத பந்து கிடையாது. தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான். வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு மூன்று தொடல். முதல் ஆள் பந்தை எடுப்பான், இரண்டாவது ஆள் தூக்கிக் கொடுப்பான், மூன்றாவது ஆள் அடிப்பான். அந்த இரண்டாவது ஆள் நான். லிஃப்டர் என்போம். கைதட்டல் முழுக்க அடிக்கிறவனுக்குப் போகும், போட்டோவும் அவனுக்குத்தான். இருந்தாலும் என் விரல் நுனியில் பட்டு எழும்பாமல் ஒரு பந்துகூட அவன் கைக்குப் போனதில்லை. இதை எழுதும்போதே விரல் நமநமக்கிறது.

எனக்கு மாதனூர் பக்கம். ஊர் என்று சொன்னால் பொய், ஊரைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் இருந்தார். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிற வேலை. அந்த நாற்றத்துக்குக் குடித்தார், குடித்தே போய்ச் சேர்ந்தார். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ரோட்டு முனையில் நின்று ஹாரன் அடித்தால், கொண்டையை முடிந்துகொண்டே ஓடுகிற கூட்டத்தில் முதலில் ஏறுவது அம்மாதான். ஜன்னல் ஓர சீட்டை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

வேலூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டுக்காக எனக்கு இடம் கொடுத்தார்கள். எனக்கு இருந்தது ஒரே ஆசை, பல்கலைக்கழக அணி. அந்த ஜெர்சியைப் போட்டுவிட்டவன் ரயில்வேக்கோ போலீசுக்கோ ஆடி வேலைக்குப் போய்விடலாம். போடாதவன் டிகிரியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்மா ஏறுகிற அதே பஸ்ஸில் பின்வாசலில் ஏற வேண்டியதுதான். மண்டல ஃபைனலைப் பார்க்க வருடா வருடம் தேர்வாளர்கள் வருவார்கள். அந்த ஃபைனலில் ஆடினால்தான் அவர்கள் கண்ணில் படலாம். நான் காலேஜில் சேர்ந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான், படிப்பெல்லாம் கூட வந்தது.

முதல் நாள் பிராக்டிஸில் கேப்டன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி நன்றாக நினைவிருக்கிறது. என்னைவிட ஒரு வருடம் சீனியர். நல்ல உயரம், குதித்தால் நெட்டுக்கு மேலே இடுப்பு தெரியும் என்று எங்களுக்குள் பீலா விடுவோம்.

"மாதனூர்ல எந்தப் பக்கம்?"

"ரோட்டுக்கு அந்தாண்ட பக்கம்ணா."

"ஓ" என்றான். அவ்வளவுதான். அந்த ஒற்றை எழுத்தை எங்கள் ஜனம் காலங்காலமாகக் கேட்டு வருகிறது, எனக்கும் அது புதிதில்லை. ஆனால் அடுத்த நிமிடமே நான் தூக்கிக் கொடுத்த பந்தை அடித்துத் தரையில் பதித்துவிட்டு ஓடி வந்து என் தோளில் கை போட்டான். "செம லிஃப்டு மச்சான். இன்னாடா கை இது, பஞ்சு மாரி கீது." எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த 'ஓ' காற்றோடு போய்விட்டது.

என்னிடம் ஒரு தண்ணீர் பாட்டில் உண்டு. பெரிய பிளாஸ்டிக் பாட்டில்தான். கம்பெனியில் வெட்டிப் போட்ட நீலத் தோல் துண்டுகளை இணைத்து அம்மா அதற்கு ஓர் உறை தைத்திருந்தாள், ஷூவுக்குப் போடுகிற இரட்டைத் தையல் போட்டு. உறையை நனைத்துவிட்டால் வேலூர் வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். மைதானத்தில் மற்றவர்கள் பாட்டில்கள் கை மாறிக்கொண்டே இருக்கும், யாருடையது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. என் பாட்டிலை மட்டும் யாரும் கேட்டதில்லை. பாட்டிலைப் பார்த்தால் கேலியாக இருக்கிறது போல, அதனால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மக்கு பாருங்கள்.

அந்த வருடம் மண்டல ஃபைனல் மட்டும் கைக்கு எட்டவில்லை, மற்றபடி நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஜெயித்தால் எங்கள் டீமில் ஒரு வழக்கம். கேடயம் கொடுத்தால் அதை பி.டி. சாரிடம் தந்துவிடுவோம். கப்பு கொடுத்தால் அன்றைக்குச் சாயங்காலம்வரை அது எங்களுடையது. இரண்டு காது வைத்த கப்பில் பீரையும் பிராந்தியையும் கலந்து ஊற்றி, வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய் வைத்துக் குடிக்க வேண்டும். கேப்டன்தான் முதல். அங்கிருந்து கை மாறி மாறிப் போகும். கடைசி ஆள் மிச்சத்தையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கப்பைத் தன் தலைக்கு மேலே கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் அபராதமாக இன்னொரு ரவுண்டு.

முதல் தடவை கப்பு என் பக்கம் வரும்போதெல்லாம் கேப்டன் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் அவனே எழுந்து வந்து என் கையில் கொடுத்தான். "இன்னாடா மூஞ்சி தொங்குது? கடைசி வாய் குடிக்கிறவன்தான்டா ராஜா. நம்ம டீமுக்கு ராஜா நீதான். முடி."

முடித்தேன். நெஞ்செல்லாம் எரிந்தது. கப்பைத் தலையில் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. மொத்த டீமும் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் என் பெயரை அத்தனை பேர் சேர்ந்து கத்தி நான் கேட்டதே இல்லை. காலனிப் பையன் பெயரை யார் கத்தப்போகிறார்கள், ஹாஜர் எடுக்கும்போது வாத்தியார் சொன்னால் உண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கப்புக்கும் நான்தான் ராஜா. வீட்டில் சொல்ல முடியாது, அதனால் ஆம்பூரில் இருக்கிற என் பள்ளிக்கூட தோஸ்திடம் போய்ப் பெருமை அடித்தேன். "எங்க டீம்ல எனக்குத்தான் மரியாத ஜாஸ்தி. கடைசி வாய் எனக்குத்தான் குடுப்பாங்க." அவன் குடிக்கிறவன் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைசின்னா மரியாதையா?" என்று மட்டும் கேட்டான். உனக்கு இதெல்லாம் புரியாதுடா என்று சொல்லிவிட்டேன். ராஜா அல்லவா. மிச்சம் என்பது ஒரு வாய் அல்ல, சில நாள் கால் கப்பு, சில நாள் அரைக் கப்பு. ராஜாவுக்குக் குடி பழகிவிட்டது.

அடுத்த வருடம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் சேர்ந்தான். பிளாக் பண்ணுகிறவன், கேப்டனைவிட ஒரு சாண் உயரம். நெட்டையன் என்று பெயர் வைத்தோம். அவன் வந்து நாங்கள் ஜெயித்த முதல் கப்புக்கு வேன் பிடித்து ஏலகிரிக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் நெட்டையன் தலையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே வந்தான். மேலே ஒரு பலாத்தோப்புக்கு நடுவில் வாடகைக்கு எடுத்த வீடு. நல்ல பகல், நல்ல குளிர்ச்சி, எல்லோருக்கும் வாயெல்லாம் பல். கப்பு சுற்ற ஆரம்பித்தது.

எப்படியோ அன்றைக்கு வட்டத்தில் ஓர் இடம் குழம்பிவிட்டது. கப்பு நெட்டையனுக்கு முன்னால் என்னிடம் வந்துவிட்டது. என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து நான் வாய் வைத்தேன். பாதியில் நெட்டையன் சிரித்துக்கொண்டே பிடுங்கினான். "எண்ணே, எனக்கும் கொஞ்சம் வைங்கண்ணே." அவன் கப்பை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

கேப்டன் வட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே தாவு. ஃபைனலில்கூட அவன் அப்படித் தாவி நான் பார்த்ததில்லை. நெட்டையன் கையிலிருந்து கப்பைப் பிடுங்கிவிட்டான்.

"டேய், அவன் வாய் வெச்சதுக்கப்பறம் யாரும் வெக்கக் கூடாது. ரூலு."

"ஏண்ணே?"

"அவன் லாஸ்ட் மேன்டா."

"அதாம்ணே ஏன்னு கேக்கேன்."

நெட்டையன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தன், எங்கள் டீமிலேயே வாய் ஜாஸ்தியானவன், "தோல் ஷாப்பு ஃப்ளேவர் வரும்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் கப்பிலிருந்ததைச் செடியில் ஊற்றிவிட்டு, பிராந்தி பாட்டிலை எடுத்து விளிம்பைச் சுற்றிக் கழுவினான். தண்ணீரால் கழுவவில்லை, பிராந்தியால் கழுவினான். கழுவிவிட்டு என்னைப் பார்த்து, "தமாசுடா மச்சான், சீரியஸா எடுத்துக்காத" என்றான்.

நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. அவர்கள் சிரித்ததைவிட, கூடச் சேர்ந்து நான் சிரித்ததுதான் எரிகிறது. ஒன்றரை வருடமாக ராஜா ராஜா என்று தலையில் கப்பைக் கவிழ்த்து ஆடியிருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருத்தனும் வாய் வைக்கக் கூடாது என்பதற்காக எனக்கு ஒரு பட்டம். ஆம்பூர் தோஸ்த் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டதை நான் இத்தனை நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். அடப்பாவிகளா, நான் தொட்ட பந்தை அத்தனை பேரும் தொடுகிறீர்களே, அதில் மட்டும் ஃப்ளேவர் வரவில்லையா?

இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் டீம் உடையும், டீம் உடைந்தால் ஃபைனல் இல்லை, ஃபைனல் இல்லாவிட்டால் பல்கலைக்கழக ஜெர்சி இல்லை. அதனால் எனக்கு எதுவும் புரியாததுபோல அடுத்த கப்பையும் கடைசியாகவே வாங்கிக் குடித்தேன். வேண்டாம் என்று சொன்னால் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும் அல்லவா. தெரியாதவனாக நடிக்கக் குடித்தேன். நடித்த ஆத்திரம் தீரத் தனியாகவும் குடித்தேன். கிளாஸைக் கட் அடித்துவிட்டு மத்தியானமே ஒயின் ஷாப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றிருந்த தோல் ஷாப் ஆட்களில் அப்பாவைத் தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீ அவரு பையன்தான?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வேறு மூலைக்குப் போனேன்.

லிஃப்டருக்கு விரல்தான் எல்லாம். என் விரல் தடுமாற ஆரம்பித்தது. ஒரு பந்து நெட்டைத் தாண்டிப் போய்விடும், ஒரு பந்து அடிக்கிறவன் தலைக்குப் பின்னால் விழும். ஒரு நாள் காலைப் பிராக்டிஸில் பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்களுக்கு விளையாட்டுக்குப் பொறுப்பு அவர். அதிகம் பேசுகிறவர் அல்ல.

"ஊது" என்றார்.

ஊதினேன்.

"இன்னொரு வாட்டி இந்த வாசனை வந்திச்சின்னா ஃபைனல்ல நீ பெஞ்சு. செலக்டருங்க கோர்ட்டத்தான் பாப்பாங்க, பெஞ்சப் பாக்க மாட்டாங்க. போ."

போனேன். ஆனால் மாறினேன் என்று சொன்னால் பொய். அந்த ஞாயிற்றுக்கிழமையே குடித்துவிட்டு, வாயில் பாக்கைப் போட்டு மென்றுகொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நாலடி தள்ளித்தான் நின்றேன்.

"குடிச்சிக்கினு வந்தியா?"

"இல்லம்மா."

"யார்கிட்ட? உங்கப்பனோட எத்தினி வருசம் குப்ப கொட்டியிருக்கேன் நானு."

அம்மா மீனை அலசிக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே பேசினாள். "அந்தாளுக்காச்சும் சுண்ணாம்புக் குழி நாத்தம். குடிக்காம எறங்க முடியலன்னாரு. நானும் சரி, நாத்தம்தான, தொலையட்டும்னு வுட்டேன். நீ பந்து ஆடுற எடத்துல இன்னாடா நாத்தம்?"

நான்தான் நாற்றம் என்கிறார்கள் அம்மா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி, மீன் ஆய்ந்த கையோடு ஹாஸ்டலுக்கு வந்து கேப்டன் சட்டையைப் பிடித்திருப்பாள். சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பா இறங்கிய குழி கண்ணுக்குத் தெரிந்த குழி. அவர் ஊற்றிக்கொண்டது அந்த நாற்றத்துக்கு. என் மேல் இல்லாத ஒரு நாற்றத்துக்கு, எவனோ இருக்கிறது என்று சொன்னதற்கு, நான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே பயங்கரக் கோபம் வந்தது. மீன் குழம்பைக்கூடச் சாப்பிடாமல் குப்புறப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அம்மா பாட்டிலில் தண்ணீர் பிடித்து, உறையை நனைத்துக் கையில் கொடுத்தாள். "ஃபைனலு அடுத்த ஞாயித்துக்கெழமதான? எங்க லைனே வருது. நீ கோர்ட்டுல நிக்கலன்னா என் மானம் போயிடும், சொல்லிட்டேன்."

அன்றோடு விட்டேன். ஒரே நாளில் மனிதன் மாறிவிட்டான் என்று கதை விடமாட்டேன். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, எதைப் பார்த்தாலும் பேஜாராக இருந்தது. ஆனால் சாயங்காலம் தலை கிண்ணென்று ஆகும்போதெல்லாம் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் பின்சுவருக்குப் போய்விடுவேன். சுவரில் ஒரே இடத்தில் பட்டுத் திரும்பும்வரை தூக்கித் தூக்கிப் போடுவேன். நெட்டையன் சில நாள் வந்து கூட நிற்பான். ஏலகிரியைப் பற்றி அவன் ஒரு தடவைதான் பேசினான். "அன்னைக்கு எனக்கு வெளங்கலண்ணே. பொறவு வெளங்கிச்சு" என்றான். நான் பந்தை அவன் பக்கம் போட்டேன், அவன் திருப்பிப் போட்டான்.

ஃபைனல் அன்றைக்கு வேலூர் வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர் டீம் ராட்சசர்கள். கூட்டம் அவர்கள் பக்கம். ஆட்டம் தொடங்கி எங்களுக்கு அடிமேல் அடி விழுந்துகொண்டிருந்தபோது, மைதான வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அம்மாவின் ஸ்டிச்சிங் லைன் மொத்தமும் இறங்கியது. பூ வைத்துக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தலை நிமிரவும் செய்தது. அவர்களுக்கு வாலிபால் தெரியாது. ஆனால் கம்பெனி தெரியும், அங்கே ஷூவைச் சோதித்துக் கத்துகிற வார்த்தைகள் தெரியும். எதிராளி சர்வீஸ் வெளியே போனதும் மொத்த லைனும் ஒரே குரலில் "ரிஜெக்ட்டு, ரிஜெக்ட்டு" என்று கத்தியது. நாங்கள் ஒரு பாயிண்ட் எடுத்தால் "பாஸு" என்று கத்தியது. கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்தது. நாங்கள் செட்டை முடிக்க நெருங்கியபோது "டார்கெட்டு, டார்கெட்டு" என்று மைதானமே அலறியது. அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். என் விரல்கள் திரும்பி வந்துவிட்டன, எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி செட். இரண்டு பக்கமும் சமமாக ஏறி ஏறி, எங்களுக்கு ஜெயிக்க ஒரே பாயிண்ட் என்ற இடத்துக்கு வந்தோம். நெட்டையன் பந்தை எடுத்தான். பந்து என் தலைக்கு மேல் வருகிறது. "எனக்கு, எனக்கு" என்று கேப்டன் கத்திக்கொண்டே ஓடி வந்து எகிறினான். எதிரே அவனைத் தடுக்க இரண்டு ராட்சசர்கள் அவனோடு சேர்ந்தே எகிறினார்கள். கோர்ட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், லிஃப்டர் தூக்கிக் கொடுப்பான், கேப்டன் அடிப்பான். நானும் கையைத் தூக்கினேன். தூக்கிய கையால் பந்தைக் கேப்டனுக்குக் கொடுக்காமல், இரண்டு விரலால் மெல்லத் தட்டி நெட்டுக்கு அந்தப் பக்கம் விட்டேன். அது யாருமில்லாத இடத்தில் பொத்தென்று விழுந்தது. மூன்றாவது தொடலே தேவைப்படவில்லை.

என்ன நடந்தது என்று கேப்டனுக்கே காற்றில் இருக்கும்போது புரியவில்லை. மறுநிமிடம் எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். நாற்காலியிலிருந்து அம்மா எப்படி இறங்கினாள் என்று இன்றுவரை தெரியாது. செருப்பில்லாமல் கோர்ட்டுக்குள் நின்றாள்.

பரிசு கொடுத்த மேடையில் தேர்வாளர் மைக்கைப் பிடித்துப் பல்கலைக்கழக அணிக்கு எடுத்தவர்களைச் சொன்னார். எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேர். ஒன்று கேப்டன். இன்னொன்று நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, நன்றாக அழுதேன்.

கப்பு கைக்கு வந்ததும் மைதான ஓரத்து வேப்ப மரத்தடியில் டீம் கூடியது. லைன் பெண்கள் பக்கத்திலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மைதானத்தில் வைத்திருந்த தண்ணீர் கேன் எப்போதோ காலி. கேப்டன் என் காதோரம் குனிந்தான். "லேடீஸ் போவட்டும், ரூமுக்குப் போய் ஊத்திக்கலாம். வழக்கம்போல நீதான் ராஜா."

ஜெயித்த நாளில், ஜெர்சி கிடைத்த நாளில், அவன் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. சொல்லிவிட்டான். அவன் கையிலிருந்து கப்பை வாங்கினேன். அம்மா வந்ததும் மறுபடி நிரப்பி, உறையை நனைத்து வைத்திருந்த என் நீலத் தோல் பாட்டிலைத் திறந்து கப்பு நிறையத் தண்ணீரை ஊற்றினேன். விளிம்பில் வாயை நன்றாக வைத்து, எல்லோரும் பார்க்கக் குடித்தேன். குடித்துவிட்டுக் கேப்டனிடம் நீட்டினேன்.

"இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட்டு. இந்தா."

சிரிப்பு நின்றுவிட்டது. டீமில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெண்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை செல்போனும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கேப்டன் கப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கப்பை முகத்துக்கு மேலே தூக்கி, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பார்த்தான். செம்பில் ஊற்றிக்கொள்ளலாம், பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். வாய் அகன்ற, இரண்டு காது வைத்த கப்பில் முடியுமா? மூக்கு, கண், கழுத்து, ஜெர்சி எல்லா இடத்துக்கும் தண்ணீர் போனது, வாய்க்குள் மட்டும் போகவில்லை. புரையேறி இருமினான்.

"இன்னாப்பா கேப்டனு, குடிக்கிறியா குளிக்கிறியா?" என்று லைனில் ஒரு அக்கா கேட்டாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நல்ல தண்ணிய வேஸ்ட் பண்றியே" என்று அம்மா பாட்டிலோடு வந்து கப்பை மறுபடி நிரப்பினாள்.

கேப்டன் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போதே நெட்டையன் நீண்ட கையை நீட்டிக் கப்பை எடுத்துக்கொண்டான். உதட்டை வைத்து மடக் மடக்கென்று குடித்தான். "யத்தா, ஐஸ் கணக்கா இருக்கு" என்று சொல்லி அடுத்தவனிடம் நீட்டினான். அடுத்தவன் ஒரு நொடி தயங்கினான். அந்தச் சில்லிப்பு கப்பின் வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. குடித்துவிட்டான். அதற்குப் பிறகு கை மாறி மாறிப் போனது. ஃப்ளேவர் வரும் என்று சொன்னவன் மட்டும் ஜெர்சி நுனியால் விளிம்பைத் துடைத்தான். துடைத்துவிட்டு எல்லோரையும்விட அதிகமாகக் குடித்தான். தாகத்தில்தான் குடித்தார்கள், மனம் மாறி அல்ல, எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, மேட்ச் பாயிண்டில்கூட அப்படி அடிக்கவில்லை.

கப்பு வட்டம் முடிந்து என்னிடம் வந்தது. அடியில் இரண்டு வாய் தண்ணீர் இருந்தது. நான் அதைக் கேப்டனிடம் கொண்டுபோனேன். அவன் முகத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, உதடு மட்டும் காய்ந்திருந்தது.

"கடைசி வாய் குடிக்கிறவன்தான்டா ராஜா" என்றேன். "நீ சொன்னதுதான்."

அவன் கண்ணில் ஒன்று ஓடியது. எனக்கு எல்லாம் தெரியும் என்பதும், ஏலகிரியிலேயே தெரியும் என்பதும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கப்பை நீட்டிய கையை இறக்கவில்லை. அம்மாதான், "குடி கண்ணு, வெயில்ல வாடிப்போய் நிக்கிற" என்றாள்.

வாங்கினான். இந்தத் தடவை அண்ணாக்கவில்லை. எத்தனையோ உதடு பட்ட அந்த விளிம்பில் தன் உதட்டை வைத்தான். தொண்டை ஏறி இறங்குவதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். குடித்து முடித்துவிட்டு, பார்த்துப் பார்த்துப் பழகிய தோஷத்தில் கப்பைத் தன் தலைக்கு மேலே கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. ஸ்டிச்சிங் லைன் மொத்தமும் "பாஸு" என்று கத்தியது.

டெம்போ ஏறும்போது அம்மா காலி பாட்டிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்ல புள்ளடா உங்க கேப்டன். ஒரு சொட்டு வேஸ்ட் பண்ணல பாரு."

"ஆமாம்மா" என்றேன். "இன்னிக்குத்தான் கத்துக்கினான்."